கிரிக்கெட் கேள்வி – பதில்: அன்டர்சனின் மணிக்கட்டு

மகனுக்கு 14 வயது, வேகப்பந்து போடுகிறான். பந்தை விடும்போது தலை ஒரு பக்கம் கவிழ்ந்து விடுகிறது. பயிற்றுநர் திருத்தச் சொல்கிறார். மகனோ, "ஜேம்ஸ் அன்டர்சனும் அப்பிடித்தானே போட்டவர்" என்கிறான். யார் சொல்வது சரி?
*— ஒரு தகப்பன், கிளிநொச்சி*

மகன் கண்டது உண்மை. பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் அன்டர்சனின் தலை இடப்பக்கம் கவிழ்ந்து, கண் நிலத்தைப் பார்க்கும். அந்தப் பாணியோடுதான் 2003 மே மாதம் லோர்ட்ஸில் சிம்பாப்வேக்கு எதிராக அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸிலேயே 73 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். பிறகு, இப்படிப் போட்டால் முதுகு போய்விடும் என்று பாணியை மாற்றினார்கள். ஸ்விங் (பந்து காற்றில் வளைவது) குறைந்தது. முதுகும் தப்பவில்லை, 2006இல் முதுகெலும்பில் அழுத்த முறிவு வந்தது. பழைய பாணிக்கே திரும்பியவர் 2024 ஜூலை வரை 188 டெஸ்ட் ஆடினார்.

ஆனால், தலை கவிழ்ந்ததால் அவர் வென்றார் என்று எடுக்கக் கூடாது. தலையை விட்டுவிட்டு இடுப்பையும் தோளையும் பாருங்கள். பின்னால் நின்று தொலைபேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடியுங்கள். பின்கால் ஊன்றும் இடத்தில் படத்தை நிறுத்தினால், இடுப்பும் தோளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். இடுப்பு துடுப்பாட்டக்காரரை நேரே பார்க்க, தோள் மட்டும் பக்கவாட்டில் நின்றால் நாரி முறுகுகிறது. திருத்த வேண்டியது அதைத்தான்.

வலக்கைக்காரனுக்கு நாரியின் இடப்பக்கம் நோவதும், ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது அது கூடுவதும் ஆபத்தான அறிகுறி. தைலம் பூசிக்கொண்டு போடவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்ப முறிவு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.

இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை நீண்ட காலம் வைத்திருந்த வழிகாட்டலில் 14, 15 வயதுக்காரருக்குத் தொடர்ந்து 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர்தான். எங்கள் பக்கம் பாடசாலை, கழகம், பின்னேரப் பயிற்சி என்று மூன்று இடத்தில் போடுகிறார்கள். கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மென்பந்தில் நல்லாய்ப் போடுகிற எங்கட பெடியளுக்குக் கடினப்பந்து ஸ்விங் ஆகுதே இல்லை. சீமெந்துத் தளத்தில் மற் விரித்துத்தான் ஆடுகிறோம். பிழை எங்கே?
*— கழகச் செயலாளர், புதுக்குடியிருப்பு*

மென்பந்தில் தையல் இல்லை, ஆகவே அதில் பழகிய கை தையலைத் தேடாது. முதலில் பிடியைப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இரு கரையிலும், இடையில் ஒரு பென்சில் போகும் இடைவெளியோடு. பெருவிரலின் பக்கவாட்டுப் பகுதி கீழே தையலில். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும்; பந்து உள்ளங்கையில் புதைந்தால் பின்சுழற்சி கிடைக்காது, தையல் உருண்டு கொண்டே போகும்.

வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு வெளியே போக வேண்டுமானால் தையல் சிலிப் பக்கம் (போடுபவரின் இடப்புறம்) சற்றுச் சரிந்திருக்க, பளபளப்பான பக்கம் போடுபவரின் வலப்புறம். உள்ளே வர வேண்டுமானால் தையல் ஃபைன் லெக் பக்கம் (போடுபவரின் வலப்புறம்), பளபளப்பு இடப்புறம். இரண்டுக்கும் மணிக்கட்டு பந்துக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். பெடியள் அனேகமாகப் பிழைவிடுவது இங்கேதான்: வெளியே போக வைக்கிறோம் என்று மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை வெட்டி விடுவார்கள். அது கட்டர் (தரையில் குத்திய பிறகு திரும்பும் பந்து), காற்றில் வளையாது.

பழைய பந்தொன்றின் தையல் மேல் மார்க்கரால் தடித்த கோடு போடுங்கள். பத்து அடி தூரத்தில் ஒருவரை நிறுத்தி, ஓடாமல், மணிக்கட்டால் மட்டும் எறியுங்கள். கோடு அசையாமல் நின்று சுழன்றால் கை சரி. தள்ளாடினால் ஒரு விரல் மற்றதற்குப் பிந்தி விடுபடுகிறது. கோடு நிற்கும் மட்டும் ஓடி வந்து போட விட வேண்டாம்.

அடுத்தது பந்து. எந்தப் பக்கத்தைத் துடைப்பது என்று முதல் ஓவரிலேயே முடிவெடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். வியர்வை போதும்; எச்சில் 2022இலிருந்து நிரந்தரத் தடை. கிரவல் மைதானத்தில் களத்தடுப்பாளர் பந்தைக் குத்த விட்டு எறிந்தால் இரண்டு பக்கமும் உரசிப் போகும், விக்கெட் காப்பாளரின் கைக்கு நேரே எறியச் சொல்லுங்கள். மற் தையலையும் சீக்கிரம் தேய்க்கும் என்பதால் ஸ்விங் முதல் சில ஓவர்களில்தான் கிடைக்கும். அந்த நேரத்தில், மற் மேல் நல்லாய் எழும்புகிறது என்று பந்தைக் குட்டையாகப் போட்டு வீணாக்குகிறார்கள். ஸ்டம்பிலிருந்து ஐந்து மீற்றர் அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதில் விழுத்தப் பழக்குங்கள்.

அன்டர்சன் எடுத்தது 704 விக்கெட் என்றாலும் அது இங்கிலாந்துக் காற்றும் டியூக்ஸ் பந்தும் கொடுத்தது தானே? முரளியோடு ஒப்பிடலாமா?
*— மாங்குளம் வாசகர்*

டெஸ்ட் விக்கெட்டில் முரளிதரன் 800, வோர்ன் 708, அன்டர்சன் 704. முன் இருவரும் சுழல். வேகத்தில் இவருக்கு மேல் ஆளில்லை. சுழலையும் வேகத்தையும் ஒரே தராசில் வைப்பது வீண் வேலை.

இங்கிலாந்தில் ஆடும் டியூக்ஸ் பந்தின் தையல் கையால் தைத்து எழும்பி நிற்கும் என்பதும், சொந்த மண்ணில் அது அவருக்கு உதவியது என்பதும் சரி. ஆனால் 2021 ஜனவரி காலியை எண்ணிப் பாருங்கள். டியூக்ஸ் இல்லை, தையல் சீக்கிரம் படியும் கூக்கபுரா பந்து, சுழலுக்கான தரை, வயது 38. 29 ஓவர், அதில் 13 ஓட்டமற்றவை, 40 ஓட்டம், 6 விக்கெட். 110 எடுத்த மத்தியூஸும் அவரிடமே ஆட்டமிழந்தார். இலங்கை 381 எடுத்த இன்னிங்ஸ் அது! அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் ஒரே ஓவரில் கில்லையும் ரஹானேயையும் ரிவேர்ஸ் ஸ்விங்கால் (தேய்ந்த பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவது) போல்ட் ஆக்கினார். இரண்டுக்கும் இங்கிலாந்துக் காற்றிடம் நன்றி சொல்ல முடியாது.

"வொபிள் சீம்" என்கிறார்களே, அது என்ன?
*— மல்லாவி*

விரல்களைத் தையலிலிருந்து கொஞ்சம் அகட்டிப் பிடித்துவிட, தையல் நிமிர்ந்தபடியே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு போகும். தரையில் எந்தப் பக்கமாகக் குத்துகிறதோ அந்தப் பக்கம் திரும்பும். போட்டவருக்கே முன்கூட்டித் தெரியாது. பாகிஸ்தானின் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஆசிப் போடுவதைப் பார்த்து அன்டர்சன் பழகியது. பந்து ஸ்விங் ஆகாத நாளுக்கு உரியது. நேரான தையல் கைவரும் முன் பெடியளுக்கு இதைக் காட்டாதீர்கள், பிறகு ஆடுகிற தையல் எல்லாவற்றுக்கும் இதுதான் பெயர் என்பார்கள்.

அன்டர்சனுக்குத் துடுப்பாட்டம் சுத்தமாக வராதாமே?
*— முள்ளியவளை*

இடக்கையால் ஆடும் கடைசி ஆள். 2014 ஜூனில் ஹெடிங்லியில் இலங்கைக்கு எதிராக 55 பந்து தாக்குப்பிடித்தார், ஓட்டம் பூச்சியம். மறுமுனையில் மொயின் அலி ஆட்டமிழக்காமல் 108. ஆட்டம் முடிய இரண்டு பந்து இருக்க, எரங்கவின் குட்டைப் பந்து மட்டையில் பட்டு ஹேரத்தின் கைக்குப் போனது; தொடர் இலங்கைக்கு. மூன்று வாரம் கழியுமுன் ட்ரென்ட் பிரிட்ஜில் இந்தியாவுக்கு எதிராக 81 அடித்தார், ரூட்டோடு கடைசி விக்கெட்டுக்கு 198. டெஸ்டில் அவர் ஐம்பதைத் தாண்டியது அந்த ஒருமுறைதான்.