பழைய டேபிள் லேம்ப்பில் மைக் பூம் ஆர்ம்: கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ஸ்பிரிங் வச்ச பழைய டேபிள் லேம்ப் சும்மா கிடக்கு. அதைப் பூம் ஆர்மாக்கி, அதாவது மைக்கை வாய்க்குப் பக்கத்துல தூக்கிப் பிடிக்கிற கையாக்கி, மைக்கை மாட்டினா தாங்குமா?

மைக்கை முதல்ல தராசில் வைங்க தம்பி. மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் ஷூர் எஸ்எம்58 மைக் சுமார் 300 கிராம். பெரிய யூஎஸ்பி மைக் என்றால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். லேம்ப்பின் ஸ்பிரிங் அதன் தலைக்கு அளவெடுத்துப் போட்டது. அந்தத் தலையைக் கழற்றி அதையும் எடை போடுங்க. மைக், கிளிப், தொங்குகிற ஒயர் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய அதே எடை வந்தால் அப்படியே மாட்டலாம். கூடினால், ஸ்பிரிங் கொக்கியை மூட்டிலிருந்து இன்னும் ஒரு விரற்கடை தள்ளித் துளை போட்டு மாட்டுங்க, தூக்கும் பலம் கூடும்.

தலையைக் கழற்றும் முன் லேம்ப்பின் கையை மடக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்க. பாரம் போனதும் ஸ்பிரிங் விசுக்கென்று மேலே அடிக்கும், முகத்துக்கு நேரே. உள்ளே ஓடும் 230 வோல்ட் ஒயரையும் முழுசா உருவிப் போடுங்க. மைக் ஒயர் பக்கத்தில் கரண்ட் ஒயர் போனால் பதிவில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறலாம்.

மேலூர்: மைக் கிளிப்பை எதுல முறுக்குறது? வீட்டுல இருக்கிற எந்த போல்ட்டும் சேரலையே?

கிளிப்பின் அடியில் இருக்கும் பெரிய மரை அஞ்சு நூல், அதாவது 5/8 இன்ச், இன்ச்சுக்கு 27 சுற்று. அது ஹார்ட்வேர் கடையில் லேசில் கிடைக்காது. ஆனால் நிறைய கிளிப்புகளில் அதற்குள்ளேயே ஒரு பித்தளைப் புரி இருக்கும். அதன் உள்மரை மூணு நூல், 3/8 இன்ச், 16 சுற்று. கடையில் "மூணு நூல் போல்ட், இன்ச் மரை" என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்க. வெறுமனே "மூணு நூல்" என்றால் 10 எம்எம் போல்ட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அது அரைச் சுற்று ஏறி இறுகும். ஸ்பானர் போட்டு ஏற்றினீர்களோ, பித்தளை மரை வழுக்கிப்போகும். கிளிப்பைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே விரலால் முறுக்கிப் பாருங்க. நாலு சுற்று தடையில்லாமல் ஏறினால் அதுதான் சரியான போல்ட்.

உசிலம்பட்டி: லேம்ப்பே இல்ல அண்ணே. பைப்பை வச்சு செய்யலாமா?

தாராளமா. பழைய சீலிங் ஃபேன் ராடு அல்லது இரும்புத் திரைச்சீலைக் கம்பி இருந்தால் நல்லது. பிவிசி பைப்தான் என்றால் முக்கால் இன்ச், ஒரு மீட்டர், உள்ளே இறுக்கமாக நுழையும் மூங்கில் குச்சி ஒன்று. குச்சி இல்லாத பிவிசி, சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரே வாரத்தில் வில்லாக வளைந்து நிற்கும்.

பின்முனையிலிருந்து 25 செ.மீ தள்ளித் துளை போட்டு அங்கே தாங்கு போல்ட்டைக் கொடுங்க. முன்னால் 75 செ.மீ, அதாவது மூன்றுக்கு ஒன்று. மைக்கும் கிளிப்பும் 500 கிராம் என்றால் பின்னால் ஒன்றரைக் கிலோ. முன்பக்கம் நீண்டிருக்கும் பைப்பின் சொந்தக் கனத்துக்கு இன்னும் கொஞ்சம் கேட்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் காய்ந்த மணலை நிரப்பினால் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கமாக வரும், போதாததற்குப் பழைய நட்டு போல்ட்டை மணலோடு போடலாம். மணல் ஈரமாக இருந்தால் காயக் காய எடை குறைந்து, மைக் தானாகத் தாழ ஆரம்பிக்கும்.

அந்தத் தாங்கு போல்ட்டைப் பிடித்து நிற்கும் கம்பத்துக்கு அடிப்பாகம்: நாலு லிட்டர் பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட். ஒன்பது, பத்து கிலோ வரும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வில்லாபுரம்: ஆர்ம் மடங்குற மூட்டு நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ரெண்டு நாள்ல லூசாகுது.

சாதா நட்டு அப்படித்தான். கையை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போடுங்க, இல்லையென்றால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று பூட்டுங்க. உரசும் இரண்டு பரப்புக்கும் நடுவில் சைக்கிள் ட்யூபில் வட்டமாக வெட்டிய துண்டு ஒன்று. வெளியே அகலமான வாஷர். எண்ணெய் மட்டும் காட்டாதீங்க, பிடிப்பே அந்த உரசலில்தான் இருக்கிறது.

செல்லூர்: பக்கத்து வீட்டுல தறி ஓடுது. அந்த அதிர்வு அப்படியே மைக்ல விழுது.

இதில் இரண்டு சங்கதி. காற்றில் வரும் தறிச் சத்தத்தை ஆர்ம் ஒன்றும் செய்யாது, ஜன்னலைச் சாத்துங்க, தறி நிற்கும் நேரம் பார்த்துப் பதியுங்க. தரை வழியாக மேஜைக்கு ஏறி வரும் தடதடப்பை நிறுத்தலாம். மேஜைக் கால் நாலுக்கும் கீழே பழைய ஹவாய் செருப்பை வெட்டி இரண்டடுக்காக வைங்க.

பிறகு மைக்கைத் தொங்க விடுங்க. மூணு இன்ச் பைப்பில் இரண்டு இன்ச் அகல வளையம் அறுத்து, சுற்றிலும் எட்டுத் துளை போட்டு, நாலு கொண்டை ரப்பரைக் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினால் நடுவில் மைக் உட்காரும். மைக் எந்தப் பக்கமும் வளையத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அத்தனை வேலையும் வீண். வளையத்தின் எடையையும் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். லேம்ப் ஸ்பிரிங் என்றால் அதைச் சுண்டிப் பாருங்க. 'ட்ரிங்' என்று ஒலித்தால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நீளவாக்கில் வெட்டி ஸ்பிரிங்குக்குள் திணித்துவிடுங்க, அடங்கும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து டியூஷன் எடுக்கும் ஒரு தங்கச்சி: கிளாம்ப் போட்ட இடத்துல மேஜைப் பலகை நொறுங்குது அண்ணே. 'ப', 'ட' சொன்னா டப்புனு அடிக்கவும் செய்யுது.

அது மரத்தூள் பலகையாக இருக்கும்மா. மேலும் கீழும் ஆறு இன்ச் சதுரத்தில் பிளைவுட் துண்டு வைத்து, அதன் மேல் கிளாம்பை இறுக்குங்க, அழுத்தம் பரவிவிடும்.

'ப', 'ட' அடிக்கிறதுக்கு, ஆறு இன்ச் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துப்பட்டாவை இரண்டடுக்காக இழுத்து மாட்டி, மைக்குக்கு நாலு விரல் முன்னால் நிறுத்துங்க. பருத்தித் துணி வேண்டாம், குரலே மங்கிவிடும். மைக் வாய்க்கு நேராக இல்லாமல், ஒரு சாண் தள்ளிக் கன்னத்துப் பக்கமாக இருக்கட்டும். 'ட'வை விட 'ப'தான் அதிகம் அடிக்கும். "பப்பாளிப் பழம்" என்று பத்துத் தடவை சொல்லிப் பதிந்து கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்க.