இசமாலுக்குப் போகலாமா?

வணக்கம். மெக்சிகோவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க நானும் கணவரும் டிசம்பரில் போகிறோம். யுகடான் தீபகற்பத்தில், பழைய மாயன் நகரமான சிச்சேன் இட்சாவுக்குப் போவது முடிவாகிவிட்டது. இசமால் என்ற ஊரையும் சேர்க்கச் சொல்கிறான் மகன். அந்தப் பகுதிப் பழங்குடிகளான மாயர்களின் கோயிலை இடித்து, அதன் மேலேயே ஸ்பானியர் காலத்தில் கட்டிய பிரான்சிஸ்கன் மடம், அதாவது கிறிஸ்தவத் துறவிகளின் மடம்தான் அங்கே பெரிதாகப் பேசப்படுகிறது. அதைப் போய் ரசிக்க மனசு ஒப்பவில்லை. கணவருக்கு முழங்கால் வலி வேறு. என்ன சொல்கிறீர்கள்?

சுதா

அன்புள்ள சுதா,

அவசியம் போங்கள். ரசிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. மனசில் இருக்கும் அந்த உறுத்தலோடேயே போங்கள்.

ஆனால் மடத்துக்கு முதலில் போகாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் கினிச் காக் மோ பிரமிடுக்குப் போய்விடுங்கள். சூரியக் கடவுளுக்குக் கட்டியது. உயரம் சுமார் 35 மீட்டர். அடித்தளம் ஒரு பக்கத்துக்கு 200 மீட்டர் அளவு. வீடுகளுக்கு நடுவே செடி முளைத்துக் கிடப்பதால் தெருவிலிருந்து பார்த்தால் குன்று என்றே நினைப்பீர்கள். மேலே ஏறிச் சுற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும். வடக்கு யுகடான் முழுக்கச் சுண்ணாம்புக்கல் தரை. ஆறும் கிடையாது, மலையும் கிடையாது. அந்தச் சமவெளியில் மஞ்சள் மடம் மட்டும் தூக்கலாக நிற்கிறது. அங்கே ஒரு மேடு இருந்தால் அது மனிதர் கட்டியதாகத்தான் இருக்க வேண்டும். மடத்துக்குக் கீழே இருப்பது பாப்-ஹோல்-சாக் என்ற பிரமிடின் அடித்தளம்.

அப்புறம் மடத்துக்கு வாருங்கள். சுவர்களை நிதானமாகப் பாருங்கள். பின்னல்கோலம் போலச் செதுக்கிய கற்கள் சில இடங்களில் தென்படும். பழைய கோயிலிலிருந்து பெயர்த்தவை அவை.

1549இல் தொடங்கிய மடத்து வேலை 1561இல் முடிந்தது. அதில் முன்னின்றவர் டியேகோ தே லாண்டா என்ற துறவி. அடுத்த வருடமே, 1562 ஜூலையில், மானி என்ற ஊரில் மாயன் ஏடுகளைக் குவித்துத் தீ வைத்தவரும் அவர்தான். ஸ்பானியர் வருவதற்கு முந்தைய ஏடுகளில் இன்று உலகத்தில் மிஞ்சியவை நான்கே நான்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதே லாண்டா பின்னால் எழுதிய நூலில் மாயன் எழுத்துகள் சிலவற்றை ஒலியோடு குறித்துவைத்தார். 1952இல் சோவியத் அறிஞர் யூரி க்னோரோசோவ் அந்த எழுத்தைப் படிக்க வழி கண்டது அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான். அதற்காக லாண்டாவை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இசமாலில் அவருக்குச் சிலை இருக்கிறது, பார்ப்பீர்கள்.

ஆனால் இதோடு கதை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். மடத்துக் கோயிலில் உள்ள மாதா யுகடான் முழுமைக்கும் காவல் தெய்வம். டிசம்பர் 8 அவள் திருவிழா. முடிந்தால் அதையொட்டிப் போங்கள். பூவேலை செய்த வெள்ளை உடையில் மாயன் பாட்டிகள் வருவார்கள். யுகடான் தீபகற்பத்தில் 7 லட்சம் பேருக்கு மேல் இன்றும் மாயன் மொழி பேசுகிறார்கள். 1993இல் போப் இரண்டாம் ஜான் பால் பழங்குடி மக்களைச் சந்திக்கத் தேர்ந்தெடுத்ததும் இந்த இடத்தைத்தான். அந்தப் பாட்டிகளின் முன்னோர் கல் சுமந்து கட்டிய மடம் அது. தலைமுறை தலைமுறையாக வேண்டிக்கொள்கிற இடம். அந்த மடத்தைக் கோயிலை இடித்தவர்களுடைய சொத்து என்று மட்டும் நாம் சொன்னால், அந்தப் பாட்டிகளை அங்கிருந்து வெளியேற்றியது போல ஆகிவிடும். மாயர்கள் அழிந்துபோனார்கள் என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சை உங்கள் மகனாவது விடட்டும்.

கணவருக்கு: பிரமிடின் படிகள் செங்குத்து, ஒரே அளவிலும் இருக்காது. அவர் முதல் மேடையோடு நின்றுகொள்ளட்டும். உச்சிக்கு நீங்களும் மகனும் போங்கள். ஊர் சுற்றக் குதிரை வண்டி கிடைக்கும். யுகடான் மாநிலத் தலைநகர் மெரிதாவிலிருந்து 70 கிலோமீட்டர்தான் என்றாலும் முந்தைய நாளே போய் இசமாலில் தங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உச்சி வெயிலில்தான் ஏற வேண்டியிருக்கும்.