பாவம், நீதி, கண்டிப்பு: உபதேசியாரிடம் கேட்டவை

பாவம், நீதி, பிரசங்கத்தில் கண்டித்துப் பேசுவது, இந்த மூன்றையும் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் குருப்பட்டம் வாங்கியவன் அல்ல. ரங்கூனில் உபதேசியார் வேலை பார்த்து ஓய்ந்தவன். வசனங்களை நம் பழைய தமிழ் பைபிளில் இருப்பதுபோலவே சொல்கிறேன்.

தாம்வேயிலிருந்து ஒரு தம்பி: பாவம், அக்கிரமம், மீறுதல் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எல்லாம் ஒன்றுதானே ஐயா?

ஒன்றில்லை தம்பி. 51-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களை எடுங்கள். "என் மீறுதல்கள் நீங்க", "என் அக்கிரமம் நீங்க", "என் பாவமற" என்று மூன்றும் வரிசையாக வருகின்றன. எபிரேயத்திலும் மூன்று தனிச் சொற்கள்தான்.

பாவத்துக்கு அங்கே உள்ள சொல் 'ஹத்தாத்'. அதன் வேரில் குறி தப்புவது என்ற பொருள் இருக்கிறது. நியாயாதிபதிகள் 20-இல் பென்யமீன் கோத்திரத்து இடதுகைக்காரர் 700 பேர் வருவார்கள். கவண்கல் எறிந்தால் மயிரிழைகூடத் தப்பாது என்று சொல்லியிருக்கும். அந்தத் 'தப்பாது' என்பதில் இருப்பதும் இதே வேர்தான். அக்கிரமத்துக்கு 'ஆவோன்'. அது கோணல், வளைந்துபோனது. மீறுதலுக்கு 'பெஷா'. அது கலகம். ஆகாப் செத்ததும் மோவாப் இஸ்ரவேலுக்கு விரோதமாகக் கலகம் பண்ணினான் என்று 2 இராஜாக்கள் தொடங்குமே, அங்கேயும் இதே வேர்.

ஆக ஒருவன் குறி தப்புகிறான், ஒருவன் கோணிப்போகிறான், ஒருவன் தெரிந்தே எதிர்த்து நிற்கிறான். மூன்று பேருக்கும் ஒரே பிரசங்கம் பண்ணினால் எப்படிப் போய்ச் சேரும்? குறி தப்பியவனுக்குக் கையைப் பிடித்துக் காட்ட ஆள் வேண்டும். அவனைக் கலகக்காரன் என்று திட்டினால் கவணைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவான்.

நீங்கள் பர்மியப் பள்ளியில் படித்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-இல் முடித்த பர்மிய பைபிளில் நீதிக்கு உள்ள சொல் 'ப்யௌங்மட்'. நேராக, வளையாமல் இருப்பது. நம் 'நீதி' என்ற சொல்லைக் கேட்டதும் கோர்ட்டும் ஜட்ஜும்தான் கண்முன் வருகிறார்கள். கோணலுக்கு எதிர்ப்பதம் எது என்று பார்த்தால், இந்த ஓர் இடத்தில் பர்மியம் நம்மை முந்திவிட்டது.

தன்லின்னிலிருந்து ஒரு தங்கை: பக்கத்து வீட்டு பர்மிய அக்கா, "நீங்கள் சொல்லும் நீதியும் எங்கள் குதோவும் (புண்ணியமும்) ஒன்றுதானே?" என்று கேட்கிறார். பதில் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

சிரித்தது நல்லதுதான். விடியற்காலையில் பிக்குகளுக்குச் சோறு போட வாசலில் நிற்கிற அக்காவிடம் போய் 'உங்கள் புண்ணியம் செல்லாது' என்று சொல்லிவிட்டு வர வேண்டாம்.

ஆனால் இரண்டும் ஒன்றில்லை. புத்த தர்மத்தில் வினைக்குப் பலன் தானாக வருகிறது. விதைத்தவன் அறுப்பான். நடுவில் நின்று மன்னிக்க ஒருவர் இல்லை, தேவையும் இல்லை. நம் வேதத்தில் பாவம் என்பது ஒருவருக்கு விரோதமாகச் செய்வது. "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறார் தாவீது. எதிரே ஒருவர் இருப்பதால்தான் மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடம் வருகிறது. நீதியும் அப்படித்தான். ஆபிரகாம் விசுவாசித்தான், அதை "அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்று ஆதியாகமம் 15:6 சொல்கிறது. ஆபிரகாம் சேர்த்து வைத்தது என்று சொல்லவில்லை, அவர் எண்ணினார் என்கிறது.

ஜட்சன் 1813-இல் ரங்கூன் வந்தார். முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தது 1819-இல். ஆறு வருஷம்! இந்த வித்தியாசத்தைப் புரியவைக்கவே அதில் எவ்வளவு காலம் போயிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

மண்டலேயிலிருந்து ஒரு சகோதரர்: பூமி அதிர்ந்த பிறகு வந்த ஊழியக்காரர் ஒருவர், இது இந்த நாட்டின் பாவத்துக்குத் தண்டனை என்றார். என் தங்கை மகன் இடிந்த கட்டடத்துக்குள்ளேயே இறந்துபோய்விட்டான். அவன் என்ன பாவம் செய்தான்?

அண்ணே, முதலில் உங்கள் துக்கத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பையனுக்காக ஜெபித்துக்கொண்டேன்.

2025 மார்ச் 28 அன்று அதிர்ந்தது சகாயிங் பிளவு. நாட்டின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் அந்தக் கோட்டில் இரண்டு நிலத்தட்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. இறுகி நின்ற இடம் ஒருநாள் விட்டுக்கொடுத்தது, அளவு 7.7. பகோடா விழுந்தது, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் மசூதி விழுந்தது, பழைய ஆவா பாலம் ஆற்றுக்குள் இறங்கியது. அந்தப் பிளவு யாருடைய வேதம் எது என்று பார்த்து நகரவில்லை.

வேதத்தில் இதற்கு நேரான பதிலே இருக்கிறது, லூக்கா 13. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளோ என்று இயேசுவே கேட்டுவிட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். அதற்கடுத்த வரி, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் என்பது, கேட்டுக்கொண்டிருந்த ஆட்களுக்கு, உயிரோடு இருப்பவர்களுக்கு. செத்தவர்களின் தலையில் வைப்பதற்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை.

2008-இல் நர்கிஸ் புயல் டெல்டாவை அடித்துப்போனபோதும் இதே பேச்சைக் கேட்டேன். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். பேசத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கர்த்தருக்கே அவர்கள்மேல் கோபம் வந்துவிட்டது. அந்த ஊழியக்காரர் மறுபடி வந்தால் யோபு 42:7-ஐ வாசிக்கச் சொல்லுங்கள்.

பெயர் போடாத ஒருவர்: வெற்றிலை போடுவது பாவமா?

வசனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. புகையிலை வைத்துப் போட்டால் வாயில் புற்று வரும், அது டாக்டர் சொல்வது. ஆலயச் சுவரில் துப்புவதைப் பற்றி வேண்டுமானால் தனியாகப் பேசுவோம்.

பீகுவிலிருந்து ஒரு அம்மா: கர்த்தருடைய ஜெபத்தில் சிலர் "கடன்களை" என்கிறார்கள், சிலர் "குற்றங்களை" என்கிறார்கள், லூக்காவில் "பாவங்களை" என்று இருக்கிறது. எது சரி?

மூன்றும் சரிதான் அம்மா. மத்தேயுவில் உள்ளது கடன். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். அதனால் அவர் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டபோது இரண்டும் சேர்ந்தே காதில் விழுந்திருக்கும்.

இந்த நாட்டுத் தமிழர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயி கட்ட முடியவில்லை, அடமானம் முழுகியது. 1938-இல் அது 25 பங்கு ஆகிவிட்டது. கொடுத்தவர்களிலும் நிறையப் பேர் நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் அல்ல. பணம் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. அந்தக் கசப்பில் அடிபட்டதோ வட்டிக்கடை வைக்காத தமிழ்க் கூலிகளும்தான்.

இந்த ஞாபகத்தோடு மத்தேயு 18-ஐ வாசியுங்கள். ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடி ஆகிறது. வெள்ளிப்பணம் ஒன்று அன்றைக்கு ஒரு நாள் கூலி. தாலந்து ஒன்றுக்கு 6,000 வெள்ளிப்பணம். கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி. ஏழு தலைமுறை உட்கார்ந்து உழைத்தாலும் அடையாது. அவன் வெளியே வந்து, தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். நான் ஜெபத்தில் 'கடன்' என்றுதான் சொல்வேன். குற்றம் என்று சொன்னால் அந்தத் தொண்டை எனக்கு ஞாபகம் வருவதில்லை.

ஒரு இளம் குடும்பம்: நான் மெதடிஸ்ட், அவர் கத்தோலிக்கர். அவர்கள் செயலால் நீதிமானாவார்கள், நாங்கள் விசுவாசத்தால் என்று என் மாமா சொல்கிறார்.

மாமாவிடம் சொல்லுங்கள், லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கச் சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் இந்த விஷயத்தில் கூட்டு அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டன. நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அதே கிருபைதான் நற்கிரியைக்கும் நம்மை எழுப்புகிறது என்பது அதன் சாரம். உலக மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் சண்டை போடும் அளவுக்கு மிச்சமில்லை.

கத்தோலிக்கர் வீட்டில் சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரித்துச் சொல்வார்கள். முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் கனமான காரியத்தில் செய்தால்தான் முதல் வகை. இதைக் கேலி செய்யாதீர்கள். அறியாமல் தவறியவனையும் துணிந்து செய்தவனையும் ஒரே தராசில் போடாமல் இருக்கத்தான் அந்தப் பிரிவு.

ஒரு தகப்பனார்: நாய் வண்டியில் அடிபட்டதும் என் மனைவி "ஐயோ பாவம்" என்றாள். எட்டு வயது மகள், "நாய் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்கிறாள். ஞாயிறு பள்ளியில் கற்றதன் பலன்!

அருமையான கேள்வி. பாவம் செய்தவனையும், பார்த்துப் பரிதாபப்பட வேண்டியவனையும் ஒரே சொல்லால் சொல்லும் பாஷை நம்முடையது. நம் பிரசங்கிமார்கள் முதல் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தெருவில் விட்டுவிட்டார்கள். மகளுக்கு, நாய் ஒன்றும் பண்ணவில்லை, அம்மாவுக்கு இரக்கம் வந்தது என்று சொல்லுங்கள். நாய்க்கு எப்படி இருக்கிறது?

மூன்று பேர் கேட்டது: எங்கள் போதகர் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஆளைக் குத்திப் பிரசங்கிக்கிறார். கேட்டால் "பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்" என்று வசனம் காட்டுகிறார்.

1 தீமோத்தேயு 5:20. அதற்கு முந்தின வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே பேச்சு மூப்பர்களைப் பற்றி. அதாவது சபையில் அதிகாரத்தில் இருப்பவர்கள், அதுவும் இரண்டு மூன்று சாட்சிகளோடு. சாதாரண ஆளுக்கு வழி மத்தேயு 18:15, "நீயும் அவனும் தனித்திருக்கையில்". அதே ஐந்தாம் அதிகாரத்தின் முதல் வரியோ, முதிர்ந்தவனைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போல் பாவித்துப் புத்தி சொல் என்கிறது. நாம் செய்வது தலைகீழ். அதிகாரத்தில் உள்ளவரைத் தனியாகப் பார்த்துக் காதில் சொல்கிறோம். ஏழை விதவையை மைக்கில் சொல்கிறோம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், நானே செய்தவன் என்பதுதான்.

இருபத்தாறு வயது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் அடக்க ஆராதனை. குடித்தே செத்த மனுஷன். நல்ல மழை. "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று ஆரம்பித்து, குடியைப் பற்றி நெடுநேரம் பேசினேன். நன்றாகப் பேசுகிறோம் என்ற நினைப்பு வேறு. சட்டை நனையவில்லை. ஏன் நனையவில்லை என்று முடித்த பிறகுதான் பார்த்தேன். செத்தவரின் மகன், ஒன்பது பத்து வயது இருக்கும், பின்னால் நின்று இரண்டு கையாலும் குடையை என் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முழுக்க நனைந்திருந்தான்.

வீட்டுக்குப் போனதும் அந்த அம்மா எல்லாருக்கும் டீ கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். "ஐயா, அவர் குடிச்சது ஊருக்கே தெரியும். அதைக் கேட்கவா உங்களைக் கூப்பிட்டோம்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த டீயை நான் குடித்து முடித்தேனா என்பது இப்போது நினைவில்லை.

வேதாகமப் பள்ளியில் படிக்கும் தம்பி: அப்படியானால் பாவத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? இரக்கம் இரக்கம் என்று தடவிக்கொடுத்துவிட்டுப் போவதா?

அப்படிச் சொல்லவே இல்லை தம்பி. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்" கெடுப்பார் இல்லாமலே கெட்டுப்போவான் என்று வள்ளுவர் சொல்கிறார். இடித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆனால் அங்கே இடிபடுகிறவன் மன்னன் என்பதைக் கவனியுங்கள்.

நாத்தான் தாவீதிடம் போனதைப் பாருங்கள், 2 சாமுவேல் 12. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் சாகக்கொடுத்த ராஜா அவர். நாத்தான் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஏழை ஒருவன், அவனிடம் ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி, அவன் வாயின் அப்பத்தைத் தின்று அவன் பாத்திரத்தில் குடித்து அவன் மடியில் படுத்து வளர்ந்தது என்று கதை சொல்கிறார். அந்த ஆட்டுக்குட்டியின்மேல் ராஜாவுக்கு முதலில் பரிதாபம் வருகிறது. பிறகு கோபம். அவனுக்குத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்". நாலு வார்த்தைகூட இல்லை.

போய்ச் சொன்னது யாரிடம் என்பதையும் பாருங்கள். தலையை வாங்கக்கூடிய ஆளிடம். உங்கள் பிரசங்கத்தில் யாரைக் கண்டிக்கிறீர்களோ, அவர் உங்களை என்ன செய்ய முடியும் என்று எழுதும்போதே கேட்டுப்பாருங்கள். ஒன்றும் செய்ய முடியாத ஆளாகவே எப்போதும் இருந்தால் எங்கோ கோணல். அப்புறம், 'நீங்கள்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'நாம்' என்று மாற்றி வாசியுங்கள். சில வரிகள் அப்படி மாற்றினால் வாயில் நிற்காது. அவற்றை அடித்துவிடலாம்.

முதல் பிரசங்கம் இந்த மாசக் கடைசி ஞாயிறு என்று எழுதியிருந்தீர்கள். வியாழக்கிழமைக்குள் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். கையால் எழுதியதை அனுப்பாதீர்கள், எனக்குக் கண் தெரியாது, டைப் செய்தே அனுப்புங்கள்.