மொட்டைமாடி ஒப்பந்தத்தில் அப்பாவின் கையெழுத்து

கேள்வி: காட்பாடியில் தனியாக இருக்கும் என் அப்பாவுக்கு வயது 76. கண்புரை ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், வீட்டுக்கே வந்த ஒரு கான்ட்ராக்டர் மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்வதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். 1,650 சதுர அடி, அடிக்கு ரூ.110, மொத்தம் ரூ.1,81,500. வேண்டாம் என்றால் பாதித் தொகை அபராதம். ரூ.60,000 ரொக்கமாகவும், மீதிக்குச் செக்காகவும் வாங்கிவிட்டார். பாதித் தட்டோட்டைப் பெயர்த்துப் போட்டதோடு சரி, மூன்று வாரமாக ஆளே வரவில்லை. நான் அளந்தால் மாடி 32-க்கு 28 அடிதான். கேட்டால், "முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டாச்சு" என்கிறார்.
- வாசகி, பெங்களூரு

பதில்: முத்திரைத்தாள் அநியாய நிபந்தனையை நியாயமாக்காது. அதேசமயம், இத்தனை நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம் என்ற பொதுவான சட்டமும் இங்கே இல்லை. காரணமும் சான்றும் வேண்டும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

முதலில் செக். இன்றே அப்பா வங்கிக்கு எழுதிக் கொடுத்துப் பணம் தருவதை நிறுத்தட்டும். அதன்பிறகும் செக் திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வரலாம். வந்தால் 15 நாளுக்குள் பதில் அனுப்பிவிடுங்கள், சும்மா விடாதீர்கள்.

அடுத்து அளவு. 32 x 28 என்றால் 896 சதுர அடி. கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் ஏற்றிப் பூசுவதையும் சேர்த்தால் சுற்றளவு 120 அடிக்கு இன்னும் 120. ஆக 1,016. மிச்சம் 634 சதுர அடி கற்பனை, அதன் விலை ரூ.69,740. டேப்பை மாடியில் நீட்டி வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். ஒரு சிவில் இன்ஜினியரிடம் அளவும் நடந்த வேலையும் குறித்துக் கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். தட்டோடு போனால் அடியிலிருக்கும் செங்கல் ஜல்லி மழைத்தண்ணீரைக் குடித்து, ஒழுகல் முன்பைவிட மோசமாகும். அதனால் அறிக்கை வாங்கிய பிறகு வேறு ஆளை வைத்து மூடிவிடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டின் தேதியும் ஒப்பந்தத் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். முதுமை மட்டும் போதாது. முதுமை, நோயால் தளர்ந்தவரை வசப்படுத்திக் கையெழுத்து வாங்கியதாகக் காட்ட வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதற்குத்தான். அப்பாவைத் திட்டாதீர்கள், அவர்தான் முக்கிய சாட்சி. யார் வந்தார், என்ன சொன்னார், தாளைப் படித்துக் காட்டினாரா என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதி வாங்குங்கள். அபராதத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம், எழுதிய ரூ.90,750 தானாகக் கிடைத்துவிடாது. ரொக்கத்துக்கு ரசீது இல்லையென்றால் பாஸ்புக் பதிவும் வாட்ஸ்அப் செய்தியும் உதவும்.

பிறகு, 15 நாள் கெடு வைத்து ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியுங்கள். பலிக்காவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பலர் தவறுவது இங்கேதான். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தலைப்பிட்டு நிபந்தனையையே செல்லாததாக்கக் கேட்டால், அது சென்னை மாநில ஆணையத்தின் அதிகாரம். வேலூரில் 'சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம்' என்று எழுதிப் பணத்தையும் இழப்பீட்டையும் கேளுங்கள். அப்பா வசிக்கும் ஊர் என்பதால் அங்கேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. மனுதாரர் அப்பாதான், அவர் எழுதித் தரும் அதிகாரக் கடிதத்தோடு நீங்கள் ஆஜராகலாம். பெயர்த்த வேலைக்கு நியாயமான கூலியை நீங்களே கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.