கையால் செதுக்கிய டைல்ஸா, அச்சில் எடுத்ததா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் புதுசாக வீடு கட்டியிருக்கிறோம். முற்றத்துச் சுவரில் பதிக்க, கையால் செதுக்கியது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 14 செராமிக் டைல்ஸ் வாங்கினேன். ஒன்று 480 ரூபாய். பாதியில் தாமரை, மீதியில் பத்தமடைப் பாய் மாதிரிக் கோடுகள். எங்கள் மைனி பார்த்துவிட்டு, "இது அச்சுல எடுத்ததுல்லா" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? பில் தரவில்லை. வாட்ஸ்அப்பில் பேசியதும் பணம் அனுப்பியதும் போனில் இருக்கிறது.

பதில்: சிமெண்ட் வைத்து ஒட்டாமல் இருக்கிறீர்களே, அதுவே பாதி வெற்றி.

முதலில் ஒரு பூதக்கண்ணாடி. நிறம் பொடிப் பொடிப் புள்ளியாகத் தெரிந்தால் பிரிண்ட்தான், கதை முடிந்தது. விரலுக்குப் பள்ளம் தட்டுகிறது என்றால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அச்சில் அழுத்தினாலும் பள்ளம் விழும். நாலு டைல்ஸை வரிசையாக வைத்து ஒரே இதழைப் பாருங்கள். நாலிலும் அதே இடத்தில் அதே நெளிவு இருந்தால் மைனி சொன்னதுதான் சரி. கை என்றால் கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் வழுக்கியிருக்கும்.

செய்கிற விதம் தெரிந்தால் ஏமாறுவது கஷ்டம். செம்மண் வில்லை பாதி காய்ந்த பதத்தில் இருக்கும்போது மேலே வெள்ளை மண்கரைசலைப் பூசுவார்கள். அதைச் சுரண்டினால் அடியிலுள்ள சிவப்பு எட்டிப்பார்க்கும். தாமரையில் பூவைச் சுற்றிச் சுரண்டுவது, பாயில் கோட்டையே சுரண்டுவது. தாமரை சிவப்பில் வெள்ளையாகவும் பாய்க்கோடு வெள்ளையில் சிவப்பாகவும் எதிரெதிராக நிற்பது இப்படித்தான். சுட்டபிறகு பூசும் கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பூச்சு, பள்ளத்தில் தேங்கும். நிறமுள்ள கிளேஸ் என்றால் அந்த இடம் கரும்பச்சை, கருநீலம் என்று அடர்த்தியாகத் தெரியும். கையால் செதுக்கியதில் எனக்குப் பிடித்ததே அந்தத் தேக்கம்தான். ஓரம் முந்திக் காய்வதால் வில்லை லேசாக வளையவும் செய்யும். பதினாலு டைல்ஸுமே தட்டு மாதிரி ஒரே மட்டமாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

அச்சு என்று தெரிந்தால் கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். இல்லாத தரத்தைச் சொல்லி விற்பதும் பில் தராததும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். வாட்ஸ்அப்பில் "கையால் செதுக்கியது" என்று அவர் எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள் போகவேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

பணம் திரும்பி வந்தால் காருகுறிச்சிக்கு ஒரு நடை போய்வாருங்கள். நாதசுரத்துக்குப் பேர்போன அதே ஊர்தான். மண்பாண்டமும் அங்கே உண்டு, செய்கிறவர்களிடமே டைல்ஸ் செதுக்கித் தரச் சொல்லலாம். ஆனால் பானை சுடுகிற விறகுச் சூளையில் கிளேஸ் ஒழுங்காக ஏறாது. கிளேஸ் இல்லாத சுடுமண் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே மழைச்சாரல் படாத சுவருக்கு மட்டும் கேளுங்கள். காய்ந்து சுடும்போது மண் சுருங்கும் என்பதால் சுட்டபிறகு எத்தனை அங்குலம் வேண்டும் என்று சொல்லுங்கள். ரெண்டு மூணு கூடுதலாகவே சொல்லிவையுங்கள், சூளையில் விரிசல் விடும். முதலில் ஒன்று மட்டும் செய்து காட்டச் சொல்லி, பிடித்தபிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.