ஜன்னல் வெளுத்துப் போனதற்கு யார் பொறுப்பு?

கேமரா கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரா வீடியோவைப் பற்றித்தான். ரா என்றால் கேமராவின் சென்சார் (வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) பார்த்ததை மெருகு போடாமல் அப்படியே எழுதி வைப்பது. அதனால் லென்ஸ், ட்ரைபாட் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: என் டிஎஸ்எல்ஆரில் ராவாகப் போட்டோ எடுத்தால், ஜன்னலுக்கு வெளியே வெளுத்துக் கிடக்கும் வானத்தைக்கூட கம்ப்யூட்டரில் இழுத்து நீலமாகக் கொண்டுவர முடிகிறது. அதே கேமரா, அதே லென்ஸ், அதே இடத்தில் வீடியோ எடுத்தால் ஜன்னலில் வெள்ளைத்தாள் ஒட்டினது போல இருக்கிறது. சென்சார் ஒன்றுதானே சார்?

ப: ஒன்றுதான். சென்சார் மேல் பழி போடாதீர்கள், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது பார்த்ததை வீடியோவாகச் சுருக்கும்போது கேமரா எதையெல்லாம் தூக்கி எறிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் டைனமிக் ரேஞ்ச் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு தராசு இருக்கிறது, 60 கிலோ வரைக்கும் நிறுக்கும், அதற்கு மேல் போட்டால் முள் முட்டிக்கொண்டு நின்றுவிடும். தட்டில் ஒன்றும் வைக்காவிட்டாலும் முள் 15 கிராம் அளவுக்குச் சும்மாவே ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் 15 கிராமுக்குக் குறைவான எதையும் அதில் நம்பி நிறுக்க முடியாது. சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலும் இப்படி ஒரு தராசுதான். ஒரு பிக்ஸல் 60,000 எலக்ட்ரான் வரை பிடிக்கும், அதன் சொந்த நாய்ஸ் (அந்தச் சும்மா ஆட்டம்) 15 எலக்ட்ரான் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் உள்ள விகிதம் 4,000. ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி இப்படியே போனால் ஏறத்தாழ 12 முறையில் 4,000ஐத் தொட்டுவிடலாம். அதைத்தான் 12 ஸ்டாப் என்கிறோம். வெளிச்சம் ஒவ்வொரு முறை இரட்டிப்பாவதும் ஒரு ஸ்டாப், அவ்வளவுதான்.

போட்டோ ராவில் இந்த அளவெல்லாம் 14 பிட்டில், அதாவது 16,384 படிகளில் எழுதப்படுகிறது. சாதாரண வீடியோவில் என்ன நடக்கிறது? கேமரா முதலில் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிக்கட்டுவது) போட்டு முடிக்கிறது, கான்ட்ராஸ்ட் வளைவு போட்டு மேலேயும் கீழேயும் நறுக்குகிறது, ஷார்ப் பண்ணுகிறது, எல்லாவற்றையும் 8 பிட்டுக்கு, அதாவது நிறத்துக்கு 256 படிகளுக்குள் அடைக்கிறது, நிற விவரத்தை நாலு பிக்ஸலுக்கு ஒன்று என்று குறைக்கிறது, கடைசியாக எச்.264 என்ற சுருக்கும் முறையில் கசக்கிப் பிழிந்து கார்டில் எழுதுகிறது. உங்கள் நீல வானம் இதில் இரண்டாவது கட்டத்திலேயே போய்விட்டது, அப்புறம் எந்த சாஃப்ட்வேர் வந்தும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நானே இதில் சூடு பட்டவன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பேசும் ஒரு பாட்டியை எடுத்தபோது, வெளியே இருந்த மரம் தெரியட்டும் என்று எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, இரண்டு ஸ்டாப்புக்கும் மேல் இறக்கிவிட்டேன், முகத்தை எடிட்டிங்கில் தூக்கிக்கொள்ளலாம் என்ற தைரியம். தூக்கினேன். கன்னத்தில் தேமல் விழுந்த மாதிரி திட்டுத் திட்டாகப் பச்சையும் சிவப்பும், சுருக்கமெல்லாம் வழுவழுவென்று மெழுகிவிட்டது. இருட்டில் கிடந்த முகம் முழுவதும் 256இல் அடியில் இருந்த இருபது முப்பது படிக்குள் சுருண்டு கிடந்தது, அதை நான் நூறு படிக்கு இழுத்தால் நடுவில் உள்ளதை எங்கிருந்து கொண்டுவருவது?

கே: அப்படியானால் ரா வீடியோ எடுத்தால் டைனமிக் ரேஞ்ச் கூடும், சரியா?

ப: இல்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சென்சாருக்கு 11 ஸ்டாப் என்றால் ராவிலும் 11தான், சாதாரண வீடியோ அதில் இரண்டு மூன்றைத் தொலைக்கும், ரா தொலைக்காது.

சட்டி எவ்வளவு பெரிது என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். கேமராக்களைச் சோதித்து அளக்கும் டிஎக்ஸ்ஓமார்க்கின் அளவீட்டில், ஒரே ஆண்டில் (2012) வந்த நிக்கான் டி800க்கு 14.4 ஸ்டாப், கேனான் 5டி மார்க் 3க்கு 11.7. அவர்கள் போட்டோவை ஒரே அளவுக்குச் சுருக்கி அளந்த எண் அது, வீடியோவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டாப் கணக்கையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை, நாய்ஸுக்குள் மங்கலாகத் தெரிவதையெல்லாம் சேர்த்து எண்ணினால் யாருக்கும் ஒன்றிரண்டு கூடத்தான் செய்யும்.

கே: மெனுவில் ரா வீடியோ என்று ஒன்று இல்லவே இல்லாத பழைய கேனான்களில் ரா எடுக்கிறார்களே, எப்படி?

ப: மேஜிக் லேண்டர்ன். கேனான் கேமராக்களின் சொந்த சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் இலவசத் துணை சாஃப்ட்வேர், கார்டிலிருந்தே ஓடும். 2009இல் ட்ரம்மல் ஹட்சன் என்பவர் 5டி மார்க் 2க்காகத் தொடங்கியது. அப்போது ஒலியைக் கட்டுப்படுத்துவது, வெளுத்துப்போகும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டுவது (ஜீப்ரா) போன்ற வசதிகள்தான் அதன் பெருமை. 2013இல்தான் பெரிய விஷயம் நடந்தது. திரையில் நாம் பார்க்கும் லைவ் வியூவுக்காக சென்சாரிலிருந்து 14 பிட் ரா தகவல் கேமராவின் மெமரிக்கு வந்துகொண்டே இருக்கிறது என்று மேஜிக் லேண்டர்ன்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதை வேறெங்கும் போக விடாமல் அப்படியே கார்டில் எழுத முடியுமா என்று பார்த்தார்கள், முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்த கதை கேனான் 50டி. 2008இல் வந்த அந்தக் கேமராவில் வீடியோவே கிடையாது, மைக்கும் இல்லை. போட்டோ மட்டும் எடுக்கப் பிறந்த அது, ஐந்து வருஷம் கழித்து ரா வீடியோ எடுக்க ஆரம்பித்தது!

ஒரு எச்சரிக்கை. இது கேனான் தருவது அல்ல. ஏதாவது ஆனால் வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது. உங்கள் மாடலுக்கும் ஃபர்ம்வேர் (கேமராவின் சொந்த சாஃப்ட்வேர்) பதிப்புக்கும் சரியாகப் பொருந்துவதை மட்டும் போடுங்கள், நாளைக்கு முக்கியமான ஷூட் என்றால் இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து போடாதீர்கள்.

கே: ஆசையாக மேஜிக் லேண்டர்ன் போட்டேன் அண்ணா. எஸ்டி கார்டு போடும் சின்ன கேமராதான் என்னுடையது. 1080இல் ரா எடுத்தால் ஒன்றிரண்டு மூச்சு விடுவதற்குள் நின்றுவிடுகிறது. அதிவேக கார்டு வாங்கிப் போட்டும் அதே கதை. கார்டு போலியா?

ப: கார்டு நல்ல கார்டாகவே இருக்கலாம் தம்பி. வாங்குவதற்கு முன்னால் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டிருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

1920ஐ 1080ஆல் பெருக்குங்கள், 20,73,600 பிக்ஸல். ஒவ்வொன்றுக்கும் 14 பிட். எட்டால் வகுத்தால் ஒரு ஃப்ரேமுக்கு 3.6 எம்பி. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 87 எம்பி. நொடிக்கு! நிமிஷத்துக்கு 5.2 ஜிபி, 64 ஜிபி கார்டு பன்னிரண்டு நிமிஷத்தில் நிரம்பிவிடும். 5டி மார்க் 3இன் சாதாரண வீடியோவில் உயர்ந்த தரத்தை எடுத்துக்கொண்டால்கூட இதில் எட்டில் ஒரு பங்குதான் வரும்.

இப்போது உங்கள் கேமராவுக்கு வாருங்கள். பழைய சின்ன டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் எஸ்டி கார்டுக்குப் போகும் வழியே நொடிக்கு 20 எம்பி சுமாருக்குத்தான், சிலவற்றில் 40. நீங்கள் எவ்வளவு வேகமான கார்டு போட்டாலும் அந்த வழி அகலமாகாது. 87 கேட்கிற இடத்தில் 20, யானைப் பசிக்குச் சோளப்பொரி. மீதியெல்லாம் கேமராவின் மெமரியில் தேங்கும், அது நிரம்பியதும் ரெக்கார்டிங் நின்றுவிடும், உங்களுக்கு ஒன்றிரண்டு நொடி கிடைத்ததே அந்தத் தேக்கத்தால்தான். 5டி மார்க் 3இல் ரா நிற்காமல் ஓடுவது அதிலிருக்கும் சிஎஃப் கார்டால் (எஸ்டியைவிடப் பெரிய இன்னொரு வகை கார்டு). அதே கேமராவின் எஸ்டி ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், அதுவும் உங்கள் கேமரா மாதிரியே திணறும்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் 20 எம்பிக்கு எவ்வளவு படம் அடங்கும் என்று தெரிந்துவிடும்: 14 பிட், 24 ஃப்ரேமில் ஏறத்தாழ 960க்கு 490. சின்னதுதான். பிட்டை 12க்கோ 10க்கோ குறைக்கும் வசதியும், தரம் போகாமல் சுருக்கும் வசதியும் பிற்பாடு சில மாடல்களுக்கு வந்தன, உங்கள் மாடலுக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாக எடுக்கலாம். 12க்கு இறக்கினால் குறைந்த ஐஎஸ்ஓவில் (சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) இந்த கேமராக்களில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அடியில் இருக்கும் இரண்டு பிட்டில் பெரும்பாலும் நாய்ஸ்தான் குடியிருக்கிறது.

கே: மேஜிக் லேண்டர்னில் டூயல் ஐஎஸ்ஓ போட்டால் 14 ஸ்டாப் கிடைக்கும் என்கிறார்கள். சட்டி, அகப்பை என்று நீங்கள் சொன்னது இங்கே பொருந்தவில்லையே!

ப: நல்ல மடக்கு. இது சட்டியையே கொஞ்சம் பெரிதாக்கும் தந்திரம். அந்தக் காலத்து கேனான்களில் சென்சாரிலிருந்து வரும் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி சென்சாருக்கு வெளியே இருக்கிறது, அங்கே போய்ச் சேரும் வழியில் நாய்ஸ் ஏறிவிடுகிறது. ஐஎஸ்ஓ 100இல் சிக்னலைப் பெரிதாக்காமல் அனுப்புவதால் மெல்லிய ஷேடோ (இருட்டுப் பகுதி) விவரமெல்லாம் அந்த நாய்ஸில் முழுகிவிடும். ஐஎஸ்ஓ 1600இல் முன்கூட்டியே பெரிதாக்கி அனுப்புவதால் ஷேடோ தப்பித்துவிடும், ஆனால் ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) முட்டிக்கொள்ளும். சரி, பாதி வரிசைகளை 100இலும் பாதியை 1600இலும் படித்தால்? 2013 ஜூலையில் 5டி மார்க் 3இலும் 7டியிலும் அதைச் செய்து காட்டினார்கள். இரண்டு வரிசை 100, அடுத்த இரண்டு வரிசை 1600, இப்படியே மாறி மாறி. அப்புறம் கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. ஆழ்ந்த ஷேடோவிலும் உச்ச ஹைலைட்டிலும் பாதி வரிசைகள்தான் உருப்படியாக இருக்கும், அதனால் அங்கே மேலிருந்து கீழாகப் பார்க்கும்போது தெளிவு பாதியாகும். கம்பி வேலி, ஓட்டுக் கூரை, கட்டம் போட்ட சட்டை இதெல்லாம் ஃப்ரேமில் இருந்தால் படிக்கட்டு மாதிரி மின்னும். போட்டோவில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே பிக்ஸல் கொட்டிக் கிடக்கிறது. வீடியோவில் 1080 வரிசைதான், அதிலும் பாதி என்றால்? அதனால் நான் இதை அசையாத கேமராவில், மென்மையான பின்னணி உள்ள ஷாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கே: ராவில் கொஞ்சம் இருட்டாக எடுப்பதுதான் பாதுகாப்பு என்று என் நண்பர் சொல்கிறார்.

ப: அவர் பாதி சரி. முட்டிப்போன ஹைலைட் திரும்ப வராது, அது உண்மை. ஆனால் ராவில் படிகள் சமமாகப் பங்கிடப்படவில்லை. மேலே இருக்கும் ஒரே ஒரு ஸ்டாப் 16,384இல் பாதியைத் தின்றுவிடும், அடுத்தது கால், அதற்கு அடுத்தது அரைக்கால், கீழே போகப் போகச் சில்லறைதான் மிஞ்சும். அதைவிட முக்கியம், இருட்டாக எடுத்தால் உள்ளே வரும் வெளிச்சமே குறைவு, நாய்ஸ் அப்படியே நிற்கும். அதனால் ஹைலைட் முட்டும் எல்லைக்குச் சற்றுக் கீழே வரைக்கும் தாராளமாக வெளிச்சம் விடுங்கள்.

கேமரா வழக்கமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் (இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) சுருக்கிய ஜேபெக் படத்துடையது, அது முன்கூட்டியே பயமுறுத்தும். ரா ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி இருந்தால் அதை மட்டும் பாருங்கள். எடிட்டிங்கில் வெளிச்சமான இடம் ரோஸ் கலரில் வந்தால் பயப்பட வேண்டாம், பச்சை முதலில் முட்டிக்கொண்டது, சாஃப்ட்வேருக்கு வெள்ளை எல்லை எது என்று சரியாகச் சொன்னால் போய்விடும். விவரம் வராது, ரோஸ் போய்விடும்.

கே: இவ்வளவு பாடு எதற்கு? புது கேமராவில் 10 பிட் லாக் (ஷேடோவும் ஹைலைட்டும் தப்பிக்கும்படி மென்மையான வளைவு போட்ட வீடியோ) இருக்கிறது, போதாதா?

ப: பெரும்பாலான வேலைக்குத் தாராளமாகப் போதும். இப்போதிருக்கும் கேமராவிலேயே 10 பிட் லாக் இருந்தால் ராவுக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். 256 படி 1,024 ஆகிறது, வளைவும் ஷேடோவுக்கும் ஹைலைட்டுக்கும் நியாயமாகப் பங்கு பிரிக்கிறது. ஒயிட் பேலன்ஸ் மட்டும் கவனம், அது உள்ளே பதிந்துவிடும், ராவில் போல அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. கையில் பழைய 5டி மார்க் 3 சும்மா கிடக்கிறது, பொறுமையும் ஹார்டு டிஸ்க்கும் இருக்கிறது என்றால் ரா எடுத்துப் பாருங்கள், தோலின் நிறத்தில் அது தரும் சுகம் தனி. கலியாண வேலை மாதிரி நாள் முழுக்க ஓடும் ஷூட்டுக்கு நான் அதைத் தொட மாட்டேன்.

டிஎஸ்எல்ஆரில் கம்பெனியே கொடுத்த ரா வேண்டும் என்றால் 2020இல் வந்த கேனான் 1டி எக்ஸ் மார்க் 3 இருக்கிறது, 5.5கே, 12 பிட். விலையும் எடையும் சாமானியர்களுக்கானது அல்ல. சுருக்கிய ராவை கேமராவுக்குள்ளேயே பதிய விடாமல் பல கம்பெனிகளைத் தடுத்தது சினிமா கேமரா தயாரிக்கும் ரெட் நிறுவனம் வைத்திருந்த காப்புரிமை. 2022இல் நிக்கான் இசட்9இல் அந்த வசதி வந்ததும் ரெட் வழக்குப் போட்டது, 2023இல் வழக்கு முடிவுக்கு வந்தது, 2024இல் நிக்கான் ரெட்டையே விலைக்கு வாங்கிவிட்டது. வழக்காடி ஜெயிப்பதைவிட வீட்டையே வாங்கிவிடுவது லேசு போலிருக்கிறது.

கே: ஷூட் முடிந்ததும் கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் பண்ணலாமா?

ப: இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒவ்வொரு ஃபைலையும் திறந்து கடைசி ஃப்ரேம் வரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகு. மேஜிக் லேண்டர்ன் இருக்கும் கார்டு என்றால், ஃபார்மேட் திரையில் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளும் வசதி வரும், அதைக் கவனித்து அழுத்துங்கள். கவனிக்காமல் வேறெதையாவது அழுத்திவிட்டு, கார்டு ரீடர் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு எனக்கு எழுதிப் பயனில்லை.