மாலத்தீவில் ஆசிரியர் வேலை: எந்தத் தீவு, எந்தப் பணம்?

கேள்வி: எம்.எஸ்சி., பி.எட். கணிதம் முடித்து தனியார் பள்ளியில் ஆறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் வேலை இருப்பதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். 85,000 ரூபாய் கேட்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கினால் போதும், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். சம்பளம் மாலத்தீவுப் பணமான ரூஃபியாவில். நாலு வயது மகளையும் கூட்டிப்போக முடியுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
(வாசகி, திங்கள்சந்தை)

பதில்: முதலில் அந்த டூரிஸ்ட் விசாவை முடித்துவிடுவோம். இந்தியர்கள் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை மாலத்தீவில் விசா இல்லாமல் தங்கலாம். 1979 ஒப்பந்தத்தால் கிடைத்த சலுகை அது. சுற்றிப்பார்க்க மட்டுமே செல்லும், வேலைக்குச் செல்லாது. வேலைக்கு எடுக்கிறவர், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் பெயரில் வேலை அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். அதில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பதவியும் நிறுவனமும் சரியாக இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அந்தக் காகிதம் கைக்கு வராமல் டிக்கெட் போடக் கூடாது. 'அங்கே போய் மாற்றலாம்' என்று போகிறவர் சட்டப்படி யாருடைய ஊழியரும் அல்ல. சம்பளம் வரவில்லையென்றால் எங்கே போய்க் கேட்பார்?

அடுத்து அந்த 85,000. இந்திய அரசிடம் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண் இல்லை, ரசீது இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் சவூதி, குவைத், ஓமான் எல்லாம் உண்டு, மாலத்தீவு கிடையாது. பலர் இதைச் சௌகரியமாக நினைக்கிறார்கள். உண்மையில், உங்கள் ஒப்பந்தத்தை அரசுத் தரப்பில் ஒருவரும் பார்க்கப் போவதில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எல்லோரும் சம்பள எண்ணைத்தான் தேடுவார்கள். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் உண்டு: எந்தத் தீவு, எந்தப் பணம்?

தீவிலிருந்து தொடங்குவோம். மாலத்தீவு வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட நாடு. சுமார் 1,200 தீவுகள். மக்கள் வாழ்வது 200-க்கும் குறைவானவற்றில். ஒரே பெயரில் இரண்டு மூன்று தீவுகள்கூட உண்டு. அதனால் தீவின் பெயரோடு அட்டோலின் (அது சேர்ந்த பவளத் தீவுக் கூட்டத்தின்) பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தில் தேடுங்கள். பக்கத்தில் உள்நாட்டு விமான நிலையம் உண்டா? இறங்கிய பின் படகில் எவ்வளவு நேரம்? மருத்துவமனை அதே தீவிலா, அடுத்த தீவிலா? மக்கள்தொகை எவ்வளவு? ஆயிரம் பேர் இருக்கும் தீவையும் தலைநகர் மாலேயை ஒட்டிய ஹுல்ஹுமாலேயையும் ஒரே சம்பளத்தை வைத்து ஒப்பிட முடியாது. மாலேயிலும் ஹுல்ஹுமாலேயிலும் கடை, மருத்துவமனை, விமான நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரம், ஆனால் வாடகை சம்பளத்தை விழுங்கிவிடும். சிறு தீவில் வாடகை குறைவு. பல இடங்களில் அறையும் கிடைக்கும். காய்கறியோ படகு வந்தால்தான்.

அறை தருகிறோம் என்றால் தனி அறையா, பங்கா, சமையலறை உண்டா, மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஏஸி இல்லாமல் அங்கே தூங்குவது சிரமம், மின்கட்டணம் அதனால்தான் ஏறும். தீவின் நிலத்தடி நீர் உப்புத் தட்டும். குடிக்க மழைநீரோ, கடல்நீரைச் சுத்திகரித்ததோ, பாட்டில் நீரோதான்.

இனி பணம். மாலத்தீவு மத்திய வங்கி சொல்லும் விலையில் ஒரு டாலருக்கு உச்சமாக 15.42 ரூஃபியா. சம்பளம் 15,420 ரூஃபியா என்றால் காகிதத்தில் அது 1,000 டாலர். ஏஜென்ட் அதை நேராக இந்திய ரூபாயாக்கிச் சொல்லுவார், கேட்க நன்றாக இருக்கும். நடப்பது வேறு. அந்த விலைக்கு வங்கியில் டாலர் தாராளமாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டு ஊழியர் மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வங்கிகள் உச்சவரம்பு வைக்கின்றன. அந்த வரம்பு எப்போது வேண்டுமானாலும் குறையும். மிச்ச ரூஃபியாவை வெளியே மாற்றப் போனால் விலை எகிறும். ஒரு டாலர் 19 ரூஃபியா என்று வைத்துக்கொண்டால், அதே 15,420 உங்களுக்கு 811 டாலர்தான். மாதம் 189 டாலர் மாற்றிலேயே போய்விட்டது. வெளியே மாற்றுவது சட்டப்படியான வழியும் அல்ல. ஹவாலாக்காரரிடம் கொடுத்துப் பணம் போனால் புகார் சொல்லவும் இடமிருக்காது.

ஆகவே ஒப்பந்தத்தில் சம்பளம் டாலரிலேயே, டாலர் கணக்கிலேயே போடப்படும் என்று இருந்தால் நல்லது. 'டாலருக்கு இணையான ரூஃபியா' என்று எழுதியிருந்தால் அது ரூஃபியாதான். முழுவதும் டாலரில் தர மறுத்தால் ஒரு பகுதியாவது டாலரில் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், அந்தத் தீவில் ஏற்கெனவே வேலை பார்க்கும் இந்திய ஆசிரியர் ஒருவரிடம் சென்ற மூன்று மாதத்தில் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடிந்தது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நாலைந்து மாதம் பணம் ஒழுங்காக வருவதைப் பார்க்காமல், அந்தச் சம்பளத்தை நம்பி ஊரில் பெரிய சீட்டிலோ வீட்டுக்கடனிலோ கைவைக்க வேண்டாம்.

பாரத ஸ்டேட் வங்கிக்கு 1974 முதலே மாலேயில் கிளை உண்டு. ஆனால் சம்பளக் கணக்கு எந்த வங்கியில் என்பதைப் பெரும்பாலும் பள்ளிதான் சொல்லும். இங்கே நாகர்கோவிலிலோ தக்கலையிலோ உங்கள் கிளையில் வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட என்.ஆர்.இ. கணக்கு தொடங்கி, இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை உள்ளூர் வரவுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக ஆக்கிவிடுங்கள். வருமான வரிக்கு ஒரு நாள் கணக்கு உண்டு: வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்த ஆண்டே வெளிநாடுவாழ் இந்தியர். செப்டம்பர் முடியும் முன் கிளம்புவதற்கும் அக்டோபரில் கிளம்புவதற்கும் இதனால் வித்தியாசம் வரும். அங்கே மாதம் 60,000 ரூஃபியா வரை சம்பளத்துக்கு வரி இல்லை, உங்களுக்கு அந்தக் கவலை வராது.

காகிதங்கள் சேர்க்க இரண்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பட்டங்களை மாலத்தீவுத் தகுதி ஆணையம் மதிப்பிடும். அதற்கு மதிப்பெண் பட்டியல், பட்டம், பி.எட். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் மாட்டுகிறார்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயர். முதலில் இதைச் சரிசெய்யுங்கள், அல்லது நோட்டரி உறுதிமொழி ஒன்று எடுத்து வையுங்கள். எந்த அளவு அட்டெஸ்டேஷன் (அரசுச் சான்றொப்பம்) வேண்டும் என்பதைப் பள்ளியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது. அங்கே போனதும் வேலை விசாவுக்காக மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. அதில் தவறினால் திரும்ப வேண்டியதுதான். அதனால் அதே சோதனைகளை இங்கேயே ஒருமுறை செய்துகொள்ளுங்கள். சொத்தைப் பல்லையும் இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள்.

பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமூகா' என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். இலவசம்தான், காசு கேட்கும் தளம் போலி. திருவனந்தபுரத்தில் சர்வதேச முனையம் சாக்கைப் பக்கம், சங்குமுகம் பக்கம் உள்நாட்டு முனையம். ஆட்டோக்காரரிடம் சொல்லி ஏறுங்கள். களியக்காவிளைக்கு அப்பால் பாலராமபுரம் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். பாஸ்போர்ட்டை விசா பதிவுக்குக் கொடுத்தால் வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், 'ஆபீசிலேயே இருக்கட்டும்' என்பதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டியில் மதுவும் பன்றி இறைச்சி சார்ந்த எதுவும் கூடாது. வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை. மாதா சுரூபமோ பிள்ளையார் சிலையோ வீட்டிலேயே இருக்கட்டும். செபமும் பாட்டும் போனில் இருந்தால் போதும். அங்கே கோயிலோ ஆலயமோ கிடையாது. மதப் பிரசாரம் குற்றம், விளையாட்டாகக்கூட அந்தப் பேச்சு வேண்டாம். வேலை வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பழகியவர்களுக்கு முதல் சில வாரம் இதுதான் கஷ்டமாக இருக்கும். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டர் சீட்டோடு கொண்டுபோக வேண்டும், கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டவே வேண்டாம்.

மற்றபடி குக்கர், அதற்கு உபரியாக இரண்டு கேஸ்கெட், சிறு மிக்ஸி, சதுர மூன்று முள் பிளக்குக்கு இரண்டு அடாப்டர், குடம்புளி, வறுத்துப் பொடித்த மசாலா, சம்பா அரிசி கொஞ்சம். தேங்காய் அங்கே தாராளம், கறிவேப்பிலையும் அவர்கள் சமையலில் உண்டு. மீன் என்றால் சூரைதான் பிரதானம். நாம் கடையில் வாங்கும் மாசிக் கருவாடு அவர்கள் சொத்து. தேங்காய்த் துருவலும் சூரையும் வெங்காயமும் பிசைந்த 'மஸ்ஹுனி'யை ரொட்டியோடு காலையில் சாப்பிடுவார்கள். நம் நாக்குக்கு அது ஒத்துவரும். சாளையும் நெத்திலியும் தேடினால் ஏமாற்றம். வகுப்பில் பயிற்றுமொழி ஆங்கிலம், ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது அந்நாட்டு மொழியான திவேஹிதான். 'கிஹாவரே' என்றால் எவ்வளவு, 'நூன்' என்றால் இல்லை, 'தோணி' என்றால் தோணியேதான். நேரம் நம்மைவிட அரை மணி பின்னால்.

ரமலான் பகலில் வெளியே சாப்பிடக் கூடாது, டிபன் பாக்ஸை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பொதுப் படகு பெரும்பாலும் ஓடாது. தென்மேற்குப் பருவக்காற்றில் நம் குளச்சல் கடல் எப்படிக் கொந்தளிக்குமோ அதே காற்றுதான் அங்கேயும், மே முதல் அக்டோபர் வரை படகு அவ்வப்போது ரத்தாகும். லீவுக்கு வரும்போது தீவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் மாலேயில் விமானம் ஏறும் நாளுக்கும் இடையில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். திரும்பும்போது பவளத் துண்டோ ஆமை ஓட்டுப் பொருளோ நினைவுக்காகக்கூட எடுக்கக் கூடாது.

மகள் விஷயம். சார்ந்திருப்போர் விசா உண்டு, ஆனால் அதற்கு உங்கள் வேலை விசா முதலில் உறுதியாக வேண்டும். அங்கே சட்டப்படி தகுதிகாண் காலம் மூன்று மாதம் வரை போகலாம், அந்தக் காலத்தில் எந்தத் தரப்பும் முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஆகவே முதல் மூன்று மாதம் குழந்தை பாட்டி வீட்டிலோ கணவரிடமோ இருக்கட்டும். அதற்குள் தீவில் பாலர் பள்ளி எப்படி, காய்ச்சல் வந்தால் டாக்டர் உண்டா, நீங்கள் வகுப்பில் இருக்கும்போது அவளை யார் பார்ப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு வருடம் முடிந்த பின் 30 நாள் ஊதிய விடுப்பு உண்டு. மூன்று மாதத்தில் தீவு பிடித்துப்போனால் கணவர் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போகலாம். அவர் வருகிற பயணத்துக்கு அந்த 90 நாள் சலுகை தாராளமாகப் போதும்.